நண்டு கம்பெனி வேனில் புதினா வாசம்

மூக்குக்குள் சில்லென்று ஏறும். கண்ணோரம் லேசாகத் தண்ணீர் கட்டும். அப்புறம்தான் புத்திக்கு எட்டும், அது புதினா என்று.

பதினொன்றாவது பாதியில் ஸ்கூலை விட்டுவிட்டு நண்டு கம்பெனி வேலைக்குப் போன புதிது. உச்சிப்புளியில் வேன் ஏறியதுமே நேற்றைய நண்டு வாடை முகத்தில் அடிக்கும். மண்டபம் போய்ச் சேர்வதற்குள் குமட்டிக்கொண்டு வரும். யாரிடமும் சொல்ல மாட்டேன். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்...

அதைக் கவனித்தது காளீஸ்வரி அக்கா. ஆர்.எஸ்.மங்கலத்தில் பிறந்து எங்கள் பக்கம் வாக்கப்பட்டு வந்தவர். கம்பெனியில் நண்டு உடைத்து சதை எடுப்பதில் அவர் கைதான் வேகம்.

"ஏ ஊமச்சி, இங்கன வந்து உக்காரு. மூஞ்சியப் பாரு, அவிக்காத நண்டு மாதிரி நீலம் பாரிச்சுக் கெடக்கு."

வேனே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் போய் உட்கார்ந்தேன்.

ஒரு குட்டி பாட்டிலைத் திறந்தார். உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய், அதில் ஒரே ஒரு சொட்டு. என் நெற்றிப்பொட்டில் தேய்த்துவிட்டு, "கண்ணத் தொட்டுறாத, எரிச்சுப்புடும்" என்றார். கடல் பாலத்தடி காற்று மாதிரி தலைக்குள் ஏதோ திறந்தது. அன்றைக்கு எனக்குக் குமட்டவில்லை.

அந்தத் தைலம் அவரே செய்வது. நாட்டுமருந்துக் கடையில் புதினா உப்பு, ஓம உப்பு, கற்பூரம் வாங்கி வருவார். மூன்றும் கட்டிதான். ஒரு பாட்டிலில் போட்டுக் குலுக்கினால் நெருப்பே இல்லாமல் எண்ணெயாக உருகிவிடும். வேனிலேயே ஒரு தடவை குலுக்கிக் காட்டினார். எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தோம்.

தலைவலிக்கு அது. சளி பிடித்தால் வெந்நீரில் ஒரு சொட்டு விட்டு ஆவி. வயிறு உப்புசம் என்றால் தைலம் கிடையாது, புதினா இலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர்தான். மத்தியானச் சோற்றுக்கு அவர் கொண்டு வரும் புதினாத் துவையல் இல்லாமல் எங்களில் பாதிப் பேருக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு நண்டு வாடை எங்கள் கையில்.

"எனக்கும் ஒரு சொட்டு ஊத்துக்கா, தலை வலிக்குது" என்பார் பின்சீட்டு மல்லிகா அக்கா.

"ஒனக்கு வலிக்கிறது தலை இல்லடி, மாமியா. அதுக்கு மருந்து இன்னும் வரல."

அதே மல்லிகா அக்கா தன் கைக்குழந்தைக்குச் சளி என்று கேட்டபோது மட்டும் காளீஸ்வரி அக்கா சிரிக்கவில்லை. "பச்சப்புள்ள மூக்குகிட்ட இதக் கொண்டுபோகாத. மூச்சடச்சிரும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ."

கம்பெனிக்குள் பூ கூடாது, பவுடர் கூடாது, தைலம் கூடாது. நண்டுச் சதை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும், வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு. அதனால் தலைப்பூவை வேன் கம்பியில் சுற்றிவிட்டுத்தான் இறங்குவோம். அக்கா சோப்புப் போட்டுக் கை கழுவி, முகர்ந்து பார்த்து, "போயிருச்சு" என்பார். நாங்களும் முகர்ந்துவிட்டு, போயிருச்சு என்போம். எந்நேரமும் அந்த வாசத்திலேயே கிடக்கிற மூக்குக்கு அது தெரியாது என்று எங்கள் யாருக்குமே தோன்றவில்லை...

ஒருநாள் எனக்கு வீட்டுக்கு விலக்கு. இடுப்பும் தலையும் சேர்ந்து வலி. வேனில் ஒரு முறை தேய்த்துவிட்டவர், டீ டைமில் வெளியே கூட்டிப்போய் இன்னொரு முறை தேய்த்தார். கை கழுவினார். "போயிருச்சு."

செக் பண்ணுகிற மேடம் ஒவ்வொரு தட்டாக மூக்கருகே தூக்கிப் பார்ப்பது வழக்கம். அக்காவின் தட்டைத் தூக்கியவர் கீழே வைக்கவில்லை.

"யாரு தைலம் தேச்சது?"

"என் கைதான் மேடம்" என்றார் அக்கா.

நான் எழுந்து நின்றேன். "எனக்குத் தலைவலின்னுதான்..."

மாஸ்க்குக்குள் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னம்மா? சத்தமா சொல்லு."

"எனக்காகத்தான் மேடம் தேச்சாங்க. அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரத்திலும் அக்கா சிரித்தார். "பாத்தீகளா, ஊமச்சி பேசிட்டா!"

மேடம் கெட்டவர் இல்லை. "புரியுதும்மா. ஆனா இனிமே இவங்கள இந்த ரூமுக்குள்ள விட்டா மேல உள்ளவங்க என்னை விட மாட்டாங்க" என்றார். அந்தத் தட்டோடு கலந்த சரக்கு முழுவதும் குப்பைக்குப் போனது. அக்கா வெளியே, நண்டு அவிக்கிற கொட்டகைக்குப் போனார்.

அவருக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. அந்த ஆவி ஒத்துக்கொள்ளவில்லை. மழைக்காலம் வருவதற்குள் வேலையை விட்டுவிட்டு ஆர்.எஸ்.மங்கலத்துக்கே போய்விட்டார், களையெடுக்க.

இப்போது வேன் புதுசு. ஏசி. கண்ணாடியில் ஏதோ பூ வாசனை டப்பா தொங்குகிறது. தலைவலி என்றால் கம்பெனியிலேயே மாத்திரை தருகிறார்கள், அதுவும் நல்லதுதான். ஆனால் ஏறுகிற பிள்ளையின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. எல்லார் தலையும் போனுக்குள். என் தலையும்தான்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஆர்.எஸ்.மங்கலம் போனபோது அக்கா வீட்டைத் தேடிப் போனேன். கறுத்திருந்தார். டீ போட்டுக் கொடுத்தார். கம்பெனியில் ஒவ்வொருவராக விசாரித்துவிட்டு, கடைசியில் கேட்டார்.

"என் எடத்துல இப்ப யாருடி உக்காந்திருக்கா?"

ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே இருக்கிற இடம் அது. வேகமாக உடைக்கிறவர்களுக்குத்தான் கொடுப்பார்கள்.

"நான்தான்க்கா" என்றேன்.

அவர் என் கையை இழுத்து, ஓடு குத்திய விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தார்.

"அங்கன மேசைக்கால் லேசா ஆடும். டப்பா மூடி ஒண்ண மடிச்சுச் சொருகி வெச்சிருந்தேன். இருக்கா?"

"இருக்குக்கா" என்றேன்.

அந்த மேசையை மாற்றி ரொம்ப நாளாகிறது.