சாக்கு மெத்தைக்குள் இருந்தது

நெடுந்தீவு வெளியில் பிடித்துப் பழக்கிய என் குதிரை, நான் ஏறி உட்கார்ந்தாலே மிரளும். "பயந்தாங்கொள்ளி!" என்று ஏசிப் பனைமட்டையால் அடிப்பேன்.

ஒருநாள் மீன் கொண்டுவந்த அந்தோனி அதைத் தடவிப் பார்த்தார்.

"இதுக்குப் பயமில்லை அண்ணை, எங்கையோ நோகுது. சாக்கைக் கழட்டுங்கோ."

சேணத்துக்குப் பதிலாக நானே தைத்த சாக்கு மெத்தை அது. அவிழ்த்தால் உதைக்கும் என்று நாட்கணக்காக அப்படியே விட்டிருந்தேன். எடுத்ததும் சீழ் நாறியது. முதுகுப் புண்ணில் புழு நெளிந்தது. மெத்தையில் என் சாக்கூசி துருத்திக்கொண்டு நின்றது. அதைத் தொலைத்துவிட்டாய் என்று மனைவியை எவ்வளவு ஏசியிருப்பேன்!

அந்தோனி புண்ணைக் கழுவும்வரை குதிரை அசையவில்லை. உதவ நான் கை நீட்டினேன். உடம்பெல்லாம் நடுங்கி விலகியது.

அன்று மத்தியானம் அந்தக் கையால் சோறு குழைக்க எனக்கே அருவருத்தது.