வெடிக்குப் பயந்த செவலை

எம். புதுப்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் சங்கிலிமுத்து பதினெட்டு வருஷம் வாயிற்காவலர். தீப்பெட்டி, பீடி, சாராய வாடை மூன்றும் அவரைத் தாண்டி உள்ளே போனதில்லை. காலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, "வாயை ஊதுலே" என்பார். முதலாளியின் மச்சானையும் ஊதவைத்தவர். அவர் நாவில் கள் பட்டதே கிடையாது.

அவருடைய நாய் செவலை. பட்டாசுக் கம்பெனியின் காவல் நாய்க்கு வெடிச் சத்தம் ஆகாது. சாம்பிள் வெடி போட்டால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

"இதை வச்சு என்னத்தக் காவல் காக்க? லோடு லாரியில ஏத்தி எங்கனயாவது விட்டிருங்க" என்றார் முதலாளி சீனிவாசகம்.

விடுவதில்லை என்று சங்கிலிமுத்து முடிவு செய்தார். விளைவு, மதுவிலக்கு அமலில் இருந்த 1958-இல், பனையேறி சுடலையிடம் சுண்ணாம்பு தடவாத கலயம் ஒன்று சொல்லிவைத்தார். அதில் இறங்கும் பனஞ்சாறு தானாகப் புளித்துக் கள்ளாகிவிடும். தினம் அரைச் சிரட்டை. மனிதன் குடித்தால் குற்றம். நாய்க்கு அது தைரிய மருந்து. நான்கு நாள் செவலை ஒளியவில்லை. பயம் போனதாக அவர் நினைத்தார், போனது நிதானம்.

ஐந்தாம் நாள் பெரிய வெடி. அதனால் முழுச் சிரட்டை. செவலை வாந்தியெடுத்துச் சரிந்தது. உடம்பு சில்லிட்டது. தொழிலாளியின் தீக்காயத்துக்குக் கட்டுப்போட வந்திருந்த நர்ஸ் ஜெயசீலி ஓடிவந்து குனிந்தார்.

"என்ன குடுத்தீக?"

"ஒண்ணுமில்லம்மா. வயித்துக் கோளாறு."

"ஊர் வாயெல்லாம் மோந்து பாக்கீகளே அண்ணாச்சி, இதையும் மோந்து பாருங்க."

சங்கிலிமுத்து மோர் புகட்டப் போனார்.

"ஊத்தாதீக! முளுங்கத் தெம்பில்ல, புரையேறிரும். சாக்கைப் போத்துங்க. நம்மள மாதிரி இல்ல, நாய்க்குக் கள்ளு விசம். மூச்சே நின்னுரும். மாட்டு டாக்டர்ட்ட கொண்டு போயி, உள்ளதைச் சொல்லுங்க."

"சொன்னா போலீசு, கேசுன்னு ஆயிருமே தாயி. என் பேரு என்னாகும்?"

"சொல்லலைன்னா நாய் போயிரும்."

முதலாளி சொன்ன அதே லோடு லாரியில்தான் செவலை சிவகாசிக்குப் போயிற்று. மாட்டாஸ்பத்திரியில் இருபது பேர் நிற்க, "கள்ளு. நாந்தான் குடுத்தேன்" என்றார் சங்கிலிமுத்து, வாயிற்படியில் பேசும் அதே குரலில். டாக்டர் அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு ஊசியை எடுத்தார். மறுநாள் சாயங்காலம் நாய் எழுந்து நின்றது.

திரும்பி வந்ததும் நேரே முதலாளியிடம் போனார். "அது பயந்த நாயிதான். இங்கனயே கிடக்கட்டும். இல்ல, ரெண்டு பேரும் கிளம்புதோம்." முதலாளிக்குச் சீசன் நேரம், இப்படி ஒரு காவல்காரருக்கு எங்கே போவார்?

மறுநாள் காலை வரிசையில், லேபிள் ஒட்டும் வெள்ளைத்தாய் நகரவில்லை. "நாங்க ஊதுறது இருக்கட்டும். முதல்ல உங்க நாயி ஊதட்டும் அண்ணாச்சி!"

வரிசை முழுக்கச் சிரிப்பு. சங்கிலிமுத்து சிரிக்கவில்லை. மண்டியிட்டு, செவலையின் வாயைப் பிளந்து, சாவகாசமாக மோந்தார்.

"சுத்தம். அடுத்த ஆளு வாங்க."

அவர் வேலையை விடும்வரை தினமும் முதல் சோதனை செவலைக்குத்தான். வெடி போடும் நேரத்தில் அது அவர் கால்களுக்கு இடையே நடுங்கிக்கொண்டே காவல் காத்தது.