லென்ஸுக்கு முன்னால் வைக்காத அட்டை

1. அட்டை

அன்று மத்தியானம் ப்ரொஜெக்டர் பக்கத்தில் கையில் ஒரு அட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். கீழே முன்வரிசையில் எங்கள் கமிட்டித் தலைவர் உட்கார்ந்திருந்தார். ஒரு சீனைச் சொல்லி, அது வரும்போது அட்டையை லென்ஸுக்கு முன்னால் பிடிக்கச் சொல்லியிருந்தார். படம் கொண்டுவந்த மேடம் பிடிக்கவே கூடாது என்றார். எனக்கோ, பிடிப்பதற்கு அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாத ஒரு காரணம் இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்கு அட்டை என்றால் தெரியாது. நான் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்த காலத்தில் மெஷின் ரூமில் எப்போதும் ஒரு அட்டை கிடக்கும். பழைய காலண்டர் அட்டைதான். பெண்டு பிள்ளைகளோடு வருகிற ஷோவில் ஏடாகூடமான சீன் வந்தால் மேனேஜர் பெல் அடிப்பார். நான் அட்டையைப் பிடிப்பேன். திரை இருட்டாகிவிடும், சத்தம் மட்டும் ஓடும்.

ஒரு தடவை ரீல் தெரியாமல் தப்பான இடத்தில் பிடித்துவிட்டேன். மாமனார் மருமகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார், அவ்வளவுதான் சீன். மறுநாள் எங்கள் ஊர் அபர்டீன் பஜாரில் டீ குடிக்கப் போனால், அந்த மாமனாரைப் படுபாவி என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். நாம் அட்டை வைத்த இடத்தில் ஜனங்கள் தாங்களாகவே ஒரு படம் ஓட்டிக்கொள்வார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

டாக்கீஸை மூடிவிட்டார்கள். இப்போது ஒரு ஆடிட்டோரியத்தில் ப்ரொஜெக்டரும் மைக் செட்டும் பார்த்துக்கொள்கிறேன். லேப்டாப், கேபிள், அவ்வளவுதான் வேலை. அட்டையை மட்டும் தூக்கிப் போட மனசு வரவில்லை.

2. சாவி

அந்தமானில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான் வருகிறது. இங்கே எங்கள் தெருவில் சின்னதாக ஒரு முருகன் பஜனை ஹால் உண்டு. தகரக் கூரை, ஒரு மேடை, மேடையில் ஒரு வேல். செவ்வாய்க்கிழமை பஜனை, சஷ்டிக்குச் சாப்பாடு. சாவி என்னிடம் இருக்கும். விளக்கேற்றுவது, கூட்டுவது எல்லாம் நானும் என் வீட்டுக்காரி சரஸ்வதியும்தான்.

ஆடிட்டோரியத்துக்கும் பஜனை ஹாலுக்கும் கமிட்டித் தலைவர் ஒருவரே. இங்கே இரும்புக்கடை வைத்திருக்கிறார், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும்.

இந்த மழைக்காலத்தில் புயல் சின்னம் என்று சொல்லி, சென்னை, கல்கத்தா போகிற மெயின்லேண்ட் கப்பலை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்குப் போகும், நாளைக்குப் போகும் என்று தள்ளிக்கொண்டே போனது. கப்பலில் மலிவான பங்க் டிக்கெட் எடுத்த கூலி ஜனங்கள் வேலையையும் வாடகை ரூமையும் விட்டுவிட்டு ஹட்டோ ஜெட்டி பக்கத்தில் மூட்டை முடிச்சோடு நனைந்துகொண்டிருந்தார்கள். ராஞ்சிப் பக்கத்து ஆட்கள், தெலுங்கு ஆட்கள், நம் பக்கத்துத் தச்சு வேலைக்காரர்கள். கைக்குழந்தைகளும் இருந்தன.

பார்த்துவிட்டுச் சும்மா வர முடியவில்லை. ஹாலில் அவர்களைத் தங்கவைக்கலாமா என்று அண்ணாச்சி கடைக்குப் போய்க் கேட்டேன். அவர் எடைபோட்டுக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்:

"வே ஆறுமுகம், உமக்கு இளகின மனசு. அவ்வளவு பேரும் யாரு எவருன்னு தெரியுமா உமக்கு? ஏதாவது கட்பட் ஆச்சு, ஒரு சாமான் போச்சு, அந்த நிமிசமே எல்லாரையும் வெளியேத்திருவேன். அப்புறம் அந்தக் கதவு யாருக்கும் தொறக்காது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். ஹாலைத் திறந்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஹிந்தியில் அவர்களிடம், இது முருகன் வீடு, கப்பல் வரும் வரைக்கும் உங்கள் வீடு என்றேன். சொல்லும்போது என் கண் கலங்கிவிட்டது. யாரோ நம்மை நடத்துகிறார் என்று ஒரு எண்ணம்.

3. ட்ரையல்

படம் போடுகிற அன்று காலையில் ட்ரையல் ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். அந்த வாரம் காலேஜ் சினிமா கிளப் மேடம் ஒரு படம் கொண்டுவந்திருந்தார். மிதாலி மேடம், பெங்காலி, சின்ன வயது. என்னை தாதா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவார். வெளிதேசத்துப் பழைய கறுப்பு வெள்ளைப் படம். அந்த நாட்டில் சர்ச்சும் எதிர்த்து, சர்க்காரும் தடை போட்டிருந்த படமாம். இப்போது உலகம் முழுக்கப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். கீழே ஓடும் இங்கிலீஷை எனக்கு வேகமாகப் படிக்க வராது. மேடம் பக்கத்தில் உட்கார்ந்து ஹிந்தியில் சொல்லிக்கொண்டே வந்தார்.

கதை இதுதான். புதிதாகக் குருப்பட்டம் வாங்கிய ஒரு இளம் ஃபாதர். பால் வடிகிற முகம். மலைமேல் இருக்கும் ஒரு சின்ன சர்ச்சுக்கு அனுப்புகிறார்கள். கீழே வெள்ளம் வந்து ஊர் அழிகிறது. ஜனங்கள் மேலே ஏறி வருகிறார்கள். அவர் கதவைத் திறந்துவிட்டு, இது கர்த்தர் வீடு, அதனால் உங்கள் வீடு என்கிறார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேடத்தை மறுபடி சொல்லச் சொன்னேன். அதையேதான் சொன்னார்.

முதலில் எல்லாரும் ஜெபம் பண்ணுகிறார்கள். நாள் போகப் போகச் சண்டை வருகிறது. பூஜைக்கு வைத்த திராட்சை ரசத்தைக் குடிக்கிறார்கள், பீடத்தில் சீட்டு விளையாடுகிறார்கள். பனி கொட்டுகிறது. விறகு தீர்ந்துபோகிறது. கடைசியில் மரத்தில் செய்த அந்தோணியார் மாதிரி ஒரு புனிதர் சிலையைக் கீழே தள்ளி, கோடாலியால் பிளந்து, எரிக்கிறார்கள். ஃபாதர் கத்திக்கொண்டு ஓடிவருகிறார். அங்கே விறைத்துப்போன ஒரு குழந்தை அந்த நெருப்பில் கையை நீட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியே நின்றுவிடுகிறார். வெள்ளம் வடிந்ததும் ஒருத்தர்கூடச் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போய்விடுகிறார்கள். அவர் தனியாகச் சாம்பலைக் கூட்டுகிறார். முகத்தைக் கிட்டத்தில் காட்டுகிறார்கள். பழைய பால் வடிகிற களை அதில் இல்லை.

லைட்டைப் போட்ட பிறகும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. மேடம், "என்ன தாதா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். சட்டைப்பையில் இருந்த விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டேன். இது சாமியைப் பழிக்கிற படமா, இல்லை சாமிக்கு அழுகிற படமா என்று எனக்குப் பிடிபடவில்லை. என் மனசெல்லாம் எங்கள் ஹாலில் இருந்தது.

4. ஷோ

ஷோவுக்கு அண்ணாச்சி வருவார் என்று நான் நினைக்கவில்லை. பஜாரில் யாரோ அவரிடம் சாமி சிலையை எரிக்கிற படம் போடுகிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். வந்ததும் நேராக என்னிடம் ஏறி வந்தார்.

"எந்தச் சாமியா இருந்தா என்னவே, சாமி சாமிதானே? அந்த எடத்துல அட்டையப் போட்டுரும். உம்மட்ட இன்னும் கெடக்குன்னு எனக்குத் தெரியும்."

மேடம் அவருக்கு மரியாதையாக விளக்கினார். அந்த ஒரு சீனுக்காகத்தான் முழுப் படமுமே என்றார். அவர் கேட்டுக்கொண்டு, கீழே போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். மேடம் என் பக்கம் திரும்பி, கை வைக்க வேண்டாம் தாதா என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு இரண்டு பேர் பேச்சும் அப்போது பெரிதாக இல்லை. இந்தப் படத்தை அண்ணாச்சி பூராவும் பார்த்தால் என்ன நினைப்பார்? எங்கள் ஹாலைத்தான் நினைப்பார். ஷோ முடிந்ததும் அந்த ஜனங்கள் மழையில் நிற்பார்கள். அவர்களில் ஃபூல்மணி என்று ராஞ்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவள் பிள்ளைக்கு முந்தின நாளிலிருந்தே காய்ச்சல். ஆகவே அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். அண்ணாச்சி சொன்னார், பிடித்தேன் என்று முடித்துவிடலாம்.

சீன் வந்தது. சிலை சாய்ந்தது. கையைத் தூக்கிவிட்டேன்.

அந்த நேரத்தில் டாக்கீஸ் மாமனார் ஞாபகம் வந்தார். நான் இப்போது மறைத்தால் அண்ணாச்சிக்குக் கோடாலிச் சத்தமும் கூச்சலும் மட்டும் கேட்கும். குழந்தை தெரியாது. அந்த இருட்டில் அவர் ஓட்டிக்கொள்ளப்போகிற படம் இதைவிட மோசமாக இருக்கும். அதில் வருகிற முகங்கள் எல்லாம் எங்கள் ஹாலில் படுத்திருப்பவர்களின் முகமாக இருக்கும்.

முருகா, நடப்பது நடக்கட்டும் என்று அட்டையைக் கீழே வைத்துவிட்டேன். திரையில் அந்தக் குழந்தை நெருப்பில் கையை நீட்டியது.

5. பெஞ்ச்

படம் முடிந்து பிள்ளைகள் மேடத்தைச் சுற்றி நின்று வாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி நேராக என்னிடம் வந்தார். அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"வண்டிய எடும். ஹாலுக்குப் போவணும்."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தார். நல்ல மழை. நான் கந்த சஷ்டி கவசத்தை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினேன். வரிகள் முன்னும் பின்னுமாக வந்தன.

ஹால் கதவு திறந்து கிடந்தது. உள்ளே போனதும் என் கண் மேடைக்குத்தான் போனது. மேடை காலி. வேல் இல்லை. விளக்கும் இல்லை. அண்ணாச்சியும் பார்த்துவிட்டார். "ம்" என்றார், அவ்வளவுதான்.

அப்புறம்தான் மேடைமேல் தண்ணீர் சொட்டுவது தெரிந்தது. மேலே கூரையில் யாரோ நடக்கிற சத்தம். ஃபூல்மணி மூலையிலிருந்து எழுந்து வந்து, ஒரு டிரங்குப் பெட்டியைக் காட்டினாள். அதன்மேல் சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலையில் சுற்றி வேல் நின்றது. பக்கத்தில் விளக்கு. தகரம் ஓட்டை விழுந்து பகவான்மேல் தண்ணீர் கொட்டியது, இருந்ததில் நனையாத துணி இதுதான் என்று ஹிந்தியில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கட்டுகிற சேலை என்று பிறகு சரஸ்வதி எனக்குச் சொன்னாள்.

எனக்கு மூச்சு வந்தது. அது முழுசாக வெளியே போவதற்குள் அண்ணாச்சி அடுப்படியில் நின்று, "இங்க வாரும்" என்றார்.

அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அடியில் எரிந்துகொண்டிருந்தது எங்கள் ஹால் பெஞ்சின் கால்கள். அண்ணாச்சியின் அப்பா பெயரில் உபயமாக வந்த பெஞ்ச். விலை உயர்ந்த படௌக் மரம்.

கூரையில் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்த ஆள் நனைந்தபடி இறங்கி வந்தான். இருளப்பன், பரமக்குடிப் பக்கத்துத் தச்சன்.

"யாருவே பெஞ்ச வெட்டினது?"

"நாந்தாண்ணே. கேஸ் தீந்துபோச்சு. வெறகெல்லாம் தண்ணியா கெடக்கு. புள்ள வெடவெடன்னு நடுங்குது. கேக்கவும் ஆளில்ல."

"பலகையில எங்கப்பா பேரு எழுதியிருக்கே, பாக்கலியா?"

"பாத்தேண்ணே. அதான் பேரு இருக்க பலகையத் தொடல." சுவரோரம் சாய்த்து வைத்திருந்ததைக் கையால் துடைத்துக் காட்டினான். "பெரியவங்க பேரப் போயி எரிப்பாகளா?"

அண்ணாச்சி அந்தப் பலகையைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். ஃபூல்மணி மடியில் பிள்ளை போர்த்திக்கொண்டு கிடந்தது. ஒரு கை மட்டும் வெளியே அடுப்புப் பக்கம் நீண்டிருந்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்தப் படத்துல சாமியவே எரிச்சுப்புட்டானுவ," என்றார் என்னிடம். "இவனுவ பெஞ்சோட நிறுத்திக்கிட்டானுவ. போட்டும்."

சொல்லிவிட்டு, ஆட்டோவைக் கூப்பிட்டுப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். கடைக்குப் போன் போட்டு கேஸ் சிலிண்டருக்கும் தகரத்துக்கும் ஆள் அனுப்பினார். இருளப்பனிடம் பலகையைக் காட்டி, "இதுக்கு நாலு காலு போட்டுக் குடுத்துட்டுத்தான் நீ கப்பல் ஏறணும், கேட்டியா?" என்றார். இருளப்பன் சரிண்ணே என்று சிரித்தான். நான் வாசலுக்கு வந்து மழையில் நின்று அழுதேன். மழை இருந்தது நல்லதாகப் போயிற்று.

6. மணி

பிள்ளைக்கு வெறும் சளிக் காய்ச்சல்தான். இறங்கிவிட்டது. புயல் சின்னம் கலைந்து கப்பலும் வந்தது. பெஞ்சுக்கு வேறு மரத்தில் கால் போட்டு, பெயர் இருக்கிற பக்கம் முன்னால் தெரிகிற மாதிரி செய்துகொடுத்துவிட்டுத்தான் இருளப்பன் போனான். ஃபூல்மணி ஹாலைக் கழுவிவிட்டுப் போனாள். சிலர் சொல்லிக்கொண்டு போனார்கள், சிலர் சொல்லாமல் போனார்கள்.

எல்லாரும் போன பிறகு விளக்கேற்ற உட்கார்ந்தேன். கைமணியைத் தேடினேன். பித்தளை மணி. காணவில்லை. சரஸ்வதியும் நானும் எல்லா இடமும் பார்த்தோம். போனது போனதுதான்.

மணி அடிக்காமல் கற்பூரம் காட்டினேன். அந்த ஃபாதர் சாம்பல் கூட்டின முகம் ஞாபகம் வந்தது. கதவைத் திறந்த அன்றைக்கு, உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் அடியார்கள் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி இல்லை. ஆனால் அதில் எனக்குத் துக்கம் வரவில்லை. தோளில் இருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. வருகிறவர்கள் அடியார்களாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நனைந்துகொண்டிருந்தால் போதும். அந்த ஃபாதருக்கும் அது பிறகு புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். படம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

மணியைப் பற்றி அண்ணாச்சியிடம் மறைக்கலாமா என்று யோசித்தேன். மறைத்தால், அட்டை வைத்த இடத்தில் அவரே ஒரு படம் ஓட்டிக்கொள்வார். அதனால் போய்ச் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். வேறு பேச்சுப் பேசினார். இனிமேல் கதவு திறக்காது என்றுதான் நான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

போன வாரம் மறுபடி கப்பலை நிறுத்திவிட்டார்கள். நான் கேட்கப் போவதற்கு முன்னால் அண்ணாச்சியே ஹாலுக்கு வந்தார். பையிலிருந்து ஒரு புது மணியை எடுத்து மேடையில் வைத்தார். கூடவே தன் கடையிலிருந்து ஒரு துண்டு இரும்புச் சங்கிலி.

"மணிய இதுல கட்டிப் போடும்," என்றார். "கதவத் தொறந்து வையும்."