முருங்கை போட்ட நெய்

காயும் நெய்யில் முருங்கை இலை படபடவென்று பொரிகிறது. எந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டாலும் என் பற்கள் ஒன்றையொன்று கடித்துக்கொள்கின்றன. நல்ல மணம்தான். என்னால் அதை மன்னிக்க முடியவில்லை.

காஞ்சிபுரத்தில் அப்போது ஒரே வீட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு நாங்களும் பெரியப்பா குடும்பமும் இருந்தோம். முருங்கைமரம் எங்கள் பக்கம். இலை கிள்ளுவதில் மட்டும் பெரியம்மா எல்லை பார்த்ததில்லை. பாவு நூல் கிடைக்காமல் அப்பாவின் தறி நின்ற மாதங்களில், ஒரு பெருமாள் கோயில் மடப்பள்ளிக்கு அம்மா உருக்கிக் கொடுத்த நெய்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

பெருமாளுக்குப் படைக்கும் தளிகைக்கு முருங்கை ஆகாது. இலை போடாமலே உருக்கினாள். சித்திரை வெயிலில் நெய் காறிப்போனது.

"வாயில வைக்க முடியல. இதை எப்படிப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்றது?" மடப்பள்ளிக்காரர் தூக்கை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த முறை அம்மா ஒரு கொத்து இலையைப் போட்டாள். பொரிந்ததும் வடிகட்டி எறிந்தாள். ஆடி வரை நெய் கெடவில்லை. அவரே மெச்சினார்.

அந்த இலையில் உள்ள ஏதோ ஒன்று கொழுப்பைக் காற்று கெடுக்காமல் காக்கிறதாம், ஆன்டி ஆக்ஸிடன்ட் என்று பெயராம். பின்னாளில் ஒரு வாரப் பத்திரிகையில் படித்துவிட்டுக் கசக்கி எறிந்தேன். காற்றைத் தடுத்த இலைக்குப் பெரியம்மாவின் மூக்கைத் தடுக்கத் தெரியவில்லையே.

ஆடியில் ஒரு நாள் மடப்பள்ளிக்காரர் தூக்கைத் திறக்கவே இல்லை. "முருங்க போட்டியாமே. உங்காத்து மனுஷாளே சொல்றா. இனிமே உன் ஓர்ப்படி கிட்டயே வாங்கிக்கறேன்."

அம்மா நடுச்சுவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"இன்னாக்கா, எம் மரத்துலயே கிள்ளிக் கிள்ளித் தின்னுக்கினு, எம் பொழப்புலயே கைய வச்சிட்ட?"

"சாமிக்கு நீ பண்ண துரோகத்த நான் மூடி வைக்கணுமா? நான் அப்டி வளரலம்மா."

"உம் மூக்குக்கு மட்டும் எம்மாம் பக்தி."

அதற்குப் பிறகு இரண்டு அடுப்புகளும் ஒன்றையொன்று பார்த்துப் புகைந்தன. ஆவணியில், சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கூரத்தில் இருந்த மாமா வீட்டுக்குக் கிளம்பினோம். பெரியம்மா வாசலில் நின்றாள். கண் எங்கள் மேல் இல்லை, மரத்தின் மேல்.

"போற வேகத்துல மரத்த வெட்டிட்டுப் போவன்னு பாத்தேன்" என்றாள்.

அம்மா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"வெட்டலக்கா. உனக்கோசரம்தான் வுட்டுட்டுப் போறேன். வர்ற சித்திரைல நெய் உருக்கறப்ப கிள்ளாம இருந்து காட்டு."