தானாகக் குறைந்த சத்தம்

என் மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அவிநாசிப் பக்கம் தனியாக இருந்தவரை ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தோம். சொட்டு மருந்து முடிகிற வரைக்கும் என்றுதான் பேச்சு. ஆனால் என் மனைவிக்கு அம்மாவை இனி அனுப்பவே கூடாது என்று ஆசை. அவள் ஒரே பெண். மாமனார் போனபிறகு அவ்வளவு பெரிய வீட்டில் அம்மா ஒற்றை ஆளாகக் கிடக்கிறாரே என்று அவளுக்கு நிம்மதியே கிடையாது.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுத்த வீட்டில் போய்த் தங்குவது லேசான காரியமல்ல. விருந்துக்கு வரலாம், சாப்பிடலாம், கிளம்பிவிட வேண்டும். அதற்குமேல் இருந்தால் ஒவ்வொரு வாயும் தொண்டையில் நிற்கும். மாமியார் இரண்டாவது தோசைக்கே கையால் தட்டை மூடுவார். "மாப்ளைக்கு நம்மால எதுக்குங்க சிரமம்" என்பார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் எங்களோடு இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. அதனால் ஒரு ஸ்பீக்கர் வாங்கினேன்.

கண் ஆறும்வரை டிவி வேண்டாமென்று நாங்களே நிறுத்தியிருந்தோம். அவருக்குக் காதும் கொஞ்சம் மந்தம். நான் பம்ப்செட் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே டிராயிங் போடுகிறவன். என் கம்ப்யூட்டரில் பழைய பாட்டோ கோயில் சொற்பொழிவோ ஓடவிட்டு, ஒயர் இல்லாத அந்த ஸ்பீக்கரை அடுத்த அறையில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"கேக்குதுங்களா அத்தை?"

"நல்லா கேக்குதுங்க மாப்ளை. உங்க வேலைக்கு இடைஞ்சலா இருக்கப்போகுதுங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் தேய்ந்துவிட்டது. பார்த்தால், உச்சத்தில் வைத்திருந்த வால்யூம் திரையில் தானாகவே அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. ஏற்றினேன். மறுபடி இறங்கியது. என் கண் முன்னாலேயே ஒவ்வொரு படியாக இறங்கியது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். தொண்டையும் பெரிது. "ஒரு தடவ சொன்னா மண்டைல ஏறாதா? எப்பப் பாத்தாலும் இதே தொல்லையாப் போச்சு! இதைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறதுக்குத் தூக்கி வெளிய எறிஞ்சுபோடலாம்!" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தினேன். அன்றைக்கு மட்டுமில்லை, அது இறங்கும்போதெல்லாம் கத்தினேன். ஸ்பீக்கரின் இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாக இணைத்தேன். டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். அப்டேட் செய்தேன். எதற்கும் அது மசியவில்லை. மேசையை வேறு ஓங்கிக் குத்தினேன்.

இதற்கு நடுவில் ஒரு மத்தியானம் மனைவி வந்து நின்றாள். "ஏனுங்க, அம்மா ஊருக்குப் போறேங்கறாங்க. என்ன சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாங்க." அவள் கண் கலங்கியிருந்தது. "முதல்ல இந்தச் சனியன் சரியாகட்டும், நானே பேசறேன்" என்றேன். பாட்டு நன்றாகக் கேட்டால் மாமியார் தங்கிவிடுவார் என்று நான் மனசார நம்பியிருந்தேன்.

கடைசியில் விஷயம் பிடிபட்டது. இந்த மாதிரி ஸ்பீக்கரில் கம்ப்யூட்டரின் சத்தமும் ஸ்பீக்கரின் சத்தமும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்குமாம். ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறையும். இரண்டையும் பிரித்துவிட ஒரு செட்டிங் இருந்தது. மாற்றி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். வால்யூம் உச்சத்திலேயே நின்றது, அசையவில்லை. வெற்றிதான். ஆனால் அடுத்த அறையிலிருந்து சத்தத்தைக் காணோம்.

எழுந்துபோய்க் கதவருகே நின்றேன். மாமியார் கட்டிலில் குனிந்து, ஸ்பீக்கரோடு காதை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் சத்தம் குறைக்கிற பட்டனின் மேல் இருந்தது. நான் வந்ததைப் பார்த்ததும் பதறிப்போய் இன்னும் அழுத்தினார்.

"கொறைச்சுப்போட்டனுங்க மாப்ளை. கொறைச்சுத்தானுங்க வெச்சிருக்கறேன். புள்ளையை ஒண்ணும் பேசிப்போடாதீங்க."

ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் கத்தியதெல்லாம் அவருக்குச் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறது. என் வேலைக்கு இடைஞ்சல் என்று முதலில் குறைத்தவர், பிறகு தன்னால் மகள் திட்டு வாங்குகிறாள் என்று நினைத்து இன்னும் குறைத்திருக்கிறார். சத்தம் குறைந்துவிட்டதே என்ற கோபத்தில் நான் மறுபடி கத்தியிருக்கிறேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது என்னை வைத்துச் சொன்னது போலிருக்கிறது.

"ஐயோ, நான் கம்ப்யூட்டரைத் திட்டினேனுங்க அத்தை. அவளை இல்லீங்க."

"ஆமாங்க மாப்ளை. தெரியுமுங்க" என்றார். அவர் முகத்தில் நம்பிக்கையின் சுவடே இல்லை. மரியாதை மட்டும் இருந்தது. நான் திரும்பத் திரும்பச் சொல்ல, அவர் திரும்பத் திரும்ப ஆமாங்க ஆமாங்க என்று தலையாட்டினார். அந்த மரியாதையைப் பார்க்கத் தாங்கவில்லை.

சமையலறைக்குப் போய் மனைவியிடம், "நீயாவது சொல்லக்கூடாதா?" என்றேன்.

அவள் அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். "சொன்னனுங்க. கம்ப்யூட்டரைத்தான் திட்டறாருன்னு அன்னைக்கே சொன்னேன். நம்பலீங்க. எப்படி நம்புவாங்க? என்னையத் திட்டறப்பவும் நீங்க இதே பேச்சுத்தானுங்களே பேசறீங்க."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. சாம்பாருக்கு உப்புப் போட்டதைச் சொல்வது போலச் சொன்னாள்.

சொட்டு மருந்து முடிந்ததும் மாமியார் கிளம்பினார். மனைவி உடன் வரவில்லை; அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன், ஒன்றும் வரவில்லை. வீட்டில் அவர் காப்பி போட்டுக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். ஸ்பீக்கரைத் திரும்ப என் கையிலேயே கொடுத்தார். "உங்களுக்கு வேலைக்கு ஆகுமுங்க. மகராசனா போயிட்டு வாங்க மாப்ளை" என்றார்.

வாசல் கேட்டைச் சாத்திவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருகுவதற்குள் உள்ளே டிவி போடுகிற சத்தம் கேட்டது. கூடிக்கொண்டே போய், கார்க் கண்ணாடியைத் தாண்டி, தெருவுக்கே கேட்கிற அளவில் நின்றது. அதற்குப் பிறகு அது குறையவே இல்லை.