டார்க் லாகரில் ஒரு வாய்

தை பிறந்ததும் கீழ்பென்னாத்தூரில் நான் காதலித்தவள் வீட்டுக்குத் தட்டோடு போய்ப் பெண் கேட்டுவிடலாம் என்று அம்மா சொல்லிவிட்டார். அதற்குள் அவளிடம் நேரில் ஒரு 'சரி' வாங்கிவிட வேண்டும் என்றுதான் திருவண்ணாமலையில் பெங்களூர் பஸ் ஏறினேன். வேலை கிடைத்து அவள் அங்கே போனதிலிருந்து போனில் பேச்சு கம்மியாகிக்கொண்டே வந்தது. வேலை ஜாஸ்தி என்பாள். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது?

பேசுவதற்கு அவள் கூட்டிப்போன இடம் ஒரு பார். அங்கேயே பீர் காய்ச்சுகிறார்களாம். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பளபளவென்று அண்டாக்கள். எங்கள் ஊர் அன்னதானக் கூடத்தில்கூட அத்தனை பெரிய அண்டாவை நான் பார்த்ததில்லை. பரிமாறுகிறவர் டார்க் லாகர் என்று ஒன்றைச் சிபாரிசு செய்தார். கன்னங்கரேலென்று வந்து நின்றது.

"இது என்னாது, கஷாயமா?" என்றேன்.

"குடிச்சிட்டுப் பேசு" என்றாள்.

மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் வாய் வைத்தேன். அடேயப்பா! கசக்கும் என்று நினைத்தது கசக்கவில்லை. எங்கள் பக்கம் வேர்க்கடலையை மணலில் வறுக்கும்போது தோல் கருகி ஒரு வாசனை வருமே, அதுதான். விழுங்கிய பிறகு நாக்கில் லேசாக இனிப்பு. இத்தனை நாள் பீர் என்று எதை எதையோ குடித்துத் தொலைத்திருக்கிறோமே என்று என்மேலேயே கோபம் வந்தது.

"ஒரு வாய் குடிச்சுப் பாரேன்" என்று கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினேன்.

ஊரில் இருந்தபோது செங்கம் ரோடு டீக்கடையில் நாங்கள் ஒரே டீதான் வாங்குவோம். அவள் வீட்டில் எச்சில் பார்ப்பது ஜாஸ்தி. கூடப்பிறந்தவர்களுக்குள்ளேயே செம்பை அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். அப்படி வளர்ந்தவள், முதல் நாளே நான் பாதி குடித்த கிளாஸைப் பிடுங்கி வாய் வைத்துக் குடித்தாள். "ஐயோ, எச்சில்!" என்று பதறினேன். "உன்னுது எனக்கு எச்சில் இல்ல, போ" என்றாள். அன்றைக்கே நாங்கள் கல்யாணம் கட்டிக்கொண்டதாகத்தான் எனக்கு நினைப்பு.

பாரில் அவள் கிளாஸைத் தூக்கினாள். தலையை அண்ணாந்து, விளிம்பு உதட்டில் படாமல் மேலேயிருந்து ஊற்றிக்கொண்டாள். பீரை யாராவது அப்படிக் குடிப்பார்களா? நுரை மூக்கில் ஏறிப் புரையேறியது. பக்கத்து மேசையில் சிரித்தார்கள். கிளாஸை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

"யாரு அவன்?" என்றேன்.

டிஷ்யூவால் முகவாயைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கூட வேலை செய்றவரு. வீட்ல சொல்லிட்டேன். உங்கம்மாவ வர வேணாம்னு சொல்லிடு."

'அடிப்பாவி, இதைப் போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே' என்று கத்த நினைத்தேன். வாயில் வந்தது 'சரி' மட்டும்தான்.

அவள் எழுந்து போன பிறகும் கிளாஸில் பாதி இருந்தது. அழுதுகொண்டேதான் எடுத்தேன், அதில் என்ன வெட்கம்? அவள் உதடு பட்ட இடமாகப் பார்த்து வாய் வைக்கலாம் என்று கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்படி ஓர் இடம் அதில் இல்லை.