சந்தனம் பூசிய ரம்பம்

பெட்ரோலும் எண்ணெயும் சேர்ந்து எரியும் புகை இன்று காலை ஒன்பதாவது மாடிவரை ஏறி வந்தது. கீழே சாலையோரத்து அங்சானா மரத்தைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது, ரம்பத்தின் சங்கிலி மழுங்கியிருக்கிறது, பிடித்திருப்பவனுக்கு அது தெரியவில்லை. கூரான சங்கிலி மரத்துக்குள் போகும்போது ஒரே சுருதியில் உறுமும். மழுங்கியது அழும், ஏறும், இறங்கும், மறுபடி அழும். ஜன்னலைச் சாத்தினேன். வாசனை வீட்டுக்குள்ளேயே நின்றது. நான்தான் கிளம்பிப் போய்விட்டேன், எழுபதுகளின் நடுவில் எங்கோ, தேக்கா விறகுக் கடைக்கு.

இப்போது அந்த இடத்துக்கு லிட்டில் இந்தியா என்று பெயர்ப்பலகை வைத்து, தெருவுக்குத் தெரு விளக்குப் போட்டிருக்கிறார்கள், வெள்ளைக்காரர்கள் வாழைக்காயைப் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும். அப்போது அங்கே கால்வாய் நாறியது, எங்கள் கடைத் தகரம் ஒழுகியது. அப்பா விட்டுப்போன கடை. அண்ணன் முதலாளி. ரொட்டிச் சூளைக்காரர், கல்யாணச் சமையல்காரர்கள், இரண்டு பிரியாணிக் கடைகள், இவர்கள்தான் வாடிக்கை. ரப்பர் கட்டை லாரியில் நீளநீளமாக வரும். அவரவர் அடுப்பு வாய்க்கு ஏற்ற அளவில் நாங்கள் அறுத்துக் கொடுப்போம்.

எங்களிடம் சங்கிலி ரம்பம் இரண்டு இருந்தது. சங்கிலி ஓடும் தகடு கிளைக்குப் பன்னிரண்டு அங்குலம், அடிமரத்துக்குப் பதினெட்டு. அண்ணன் அறுப்பான், நான் தீட்டுவேன். முதலில் அவனேதான் தீட்டிக்கொண்டிருந்தான். அரத்தைக் கையில் எடுத்தால் அவனுக்கு எங்கேயோ ரயிலுக்குப் போகிற அவசரம். வலப்பக்கப் பல்லை நாலு இழுப்பு, இடப்பக்கத்தை இரண்டு இழுப்பு. ரம்பம் மரத்துக்குள் வாழைப்பழம் மாதிரி வளைந்து போகும். ஒருநாள் பொறுக்க முடியாமல் அரத்தைப் பிடுங்கினேன். அதற்குப் பிறகு அது என் கையில்தான் இருந்தது. எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை, ஒரே சாய்வு, உள்ளிருந்து வெளியே மட்டும். சங்கிலியின் இறுக்கம் பாவாடை நாடா கட்டுவது போல, மூச்சும் விட முடிய வேண்டும், நழுவவும் கூடாது. அறுக்கும்போது தேங்காய்ப்பூவாகச் சீவல் பறந்தால் பல் கூர். கோலமாவாகத் தூள் கொட்டினால் நிறுத்திவிட்டு அரத்தை எடு. இவ்வளவுதான் வித்தை. இதற்கு மீசை தேவையில்லை.

ஆனால் கடைக்கு வந்து உட்காரும் ஆண்களுக்கு இது எதுவும் வேண்டாம். அங்குலம்தான் வேண்டும். இருபது என்பான் ஒருவன், இருபத்தெட்டு என்பான் அடுத்தவன், மூன்றாமவன் கையை விரித்துக் காட்டுவான். விறகுக்கு ரம்பம் எடுப்பவன் முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும், அடுத்து தன் முதுகைப் பார்க்க வேண்டும். இவர்கள் பார்த்ததெல்லாம் பக்கத்தில் இருப்பவன் முகத்தை. பதினெட்டு அங்குலத் தகட்டை வைத்து இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி அறுத்தால் இரண்டடி மரமும் இரண்டாகிவிடும். சொன்னால் சிரிப்பார்கள். நான் காப்பி கலக்கப் போய்விடுவேன்.

அந்த வருஷம் பூன் லேக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தை அழித்துக்கொண்டிருந்தார்கள், வீடுகள் வரப்போகின்றன என்று. மரம் வெட்டும் குத்தகை ஒருவர் கையில் இருந்தது. முப்பது வயது, நம்மவர், கல்யாணம் ஆகாதவர். அண்ணனுக்கு அந்த மூன்றாவது தகவல்தான் இனித்தது.

“நீ சரின்னு மட்டும் சொல்லு” என்றான். “தோட்டத்துக் கட்டை மொத்தமும் நம்ம வாசல்ல. மச்சானுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பாரு?”

“சொல்லலன்னா?”

“அந்தச் சீனத் தவ்க்கேயோட விறகுக் கடைக்குப் போயிடும் லா. அப்புறம் நீயும் நானும் கால்வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம்.”

எனக்கு இருபத்து நான்கு வயது. ஒரு வருஷத்து விறகு என் விலை. இதை அவன் கொடுமையாகச் சொல்லவில்லை, வானிலை சொல்வது போலச் சொன்னான். அதனால்தான் இன்னும் எரிகிறது.

ஆயுத பூஜை கழிந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பெண் பார்க்க வந்தார், அம்மாவோடும் ரம்பத்தோடும். ரம்பத்துக்குக் காரணம் உண்டு. மழையில் விழுந்த ஓர் அங்சானா அடிமரம் எங்கள் முற்றத்தில் கிடந்தது. இரண்டடிக் கனம், இரு முனையிலும் கட்டை கொடுத்துத் தூக்கி வைத்திருந்தோம். நான் அதைப் பதினெட்டால் அறுக்கச் சொல்லியிருந்தேன். “மாப்பிள்ளை அறுக்கட்டும், அவர்கிட்ட முப்பத்தாறு இருக்கு” என்று அண்ணன் அதைப் படையல் போல வைத்துவிட்டான்.

லாரியிலிருந்து அது இறங்கியது. முப்பத்தாறு அங்குலம். சுமந்து வந்தவரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, முகம் மட்டும் சிரித்தது. ரம்பத்தின் மேல் அங்கங்கே சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, பிடியில் வாடிய பூச்சரம். எங்கள் ரம்பங்களுக்கும் பூஜை உண்டு. மூடியின் மேல் ஒரு பொட்டு, மறுநாள் துடைத்துவிடுவேன். இங்கே சந்தனம் தகட்டின் அடிவரை, எண்ணெய் கசிந்து சங்கிலிக்குப் போகும் சின்ன ஓட்டைவரை காய்ந்து கிடந்தது.

“தொடைக்கலயா?” என்றேன். பெண் பார்க்க வந்தவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“சாமி கும்பிட்டத தொடைக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லுவாங்க” என்றார் அவர். அவர் அம்மா தலையாட்டினார்.

என் பக்கத்தில் அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. ரம்பத்தின் முனையை அதற்கு நேராகப் பிடித்து ஒருமுறை முடுக்கினால் எண்ணெய் கோடாகத் தெறிக்க வேண்டும். தெறிக்காவிட்டால் சங்கிலி வறண்டு ஓடுகிறது என்று அர்த்தம். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கயிற்றை இழுத்தார். நாலாவது இழுப்பில் உறுமியது. முற்றத்துக் காக்கைகள் எழுந்து போயின.

கோலமாவு கொட்டியது. மஞ்சளாக, பொடியாக, அவர் செருப்பு மேல். அப்புறம் புகை.

“தம்பி, பொகை வருதுப்பா” என்றார் அவர் அம்மா.

“வரும்மா. பவர் அது.”

“எண்ணெய் போகல, நிறுத்துங்க” என்றேன். காதில் விழவில்லை, அல்லது விழுந்தது. இரு முனையிலும் தாங்கி வைத்த மரத்தை மேலிருந்து நேராக அறுத்துக்கொண்டே போனால் நடு இறங்கும், அறுத்த வாய் மூடிக்கொள்ளும். இதைத் தெரிந்துகொள்ள மரத்தை ஒருமுறை பார்த்தால் போதும். அவர் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரம் மூடிக்கொண்டது. முப்பத்தாறு அங்குலமும் அதற்குள் மாட்டி, என்ஜின் விக்கி நின்றது. ஆட்டினார், இழுத்தார், ஒரு காலை மரத்தில் ஊன்றி இழுத்தார். அண்ணனும் போய் இழுத்தான். கிணற்றில் விழுந்த குடத்தை எடுப்பது போல இரண்டு ஆண்கள்.

காப்பித் தட்டை விறகு அடுக்கின் மேல் வைத்துவிட்டு லாரி ஜாக்கியை எடுத்து வந்தேன். பட்டுப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். மரத்தின் நடுவில், அடியில், ஜாக்கியை வைத்து இரண்டு விரற்கடை தூக்கியதும் மரம் வாயைத் திறந்தது. “இப்ப எடுங்க” என்றேன். எடுத்தார். பிறகு எங்கள் பதினெட்டால் நானே அறுத்தேன், அடியிலிருந்து பாதி, மேலிருந்து பாதி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். மரம் சத்தமில்லாமல் இரண்டாக உட்கார்ந்தது.

அவர் வெட்கப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டால்கூட கொஞ்சம் மதித்திருப்பேன். அவர் கைதட்டிச் சிரித்தார்.

“மச்சான், இனிமே எனக்கு மெக்கானிக்கே வேணாம் போல!”

“கைப்பிசுக்கு இருந்தா என்ன, தேய்ச்சா போயிடும்” என்றார் அவர் அம்மா, என் விரல்களைத் திருப்பிப் பார்த்து.

போகும்போது ரம்பத்தை எங்கள் முற்றத்திலேயே விட்டுப்போனார். “பாத்து வைங்க, அடுத்த வாரம் எடுத்துக்கறேன்.” அன்றே அண்ணனிடம் வேண்டாம் என்றேன். “யோசி, அவசரம் இல்ல” என்றான்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். மற்றவர்களை இவ்வளவு ஏளனம் செய்தவள் இதை மட்டும் விட்டுவிட முடியாது.

நான் அதைத் தொட்டிருக்கக் கூடாது. இரண்டு நாள் அது மூலையில் கிடந்தது, அழுக்கோடு, என்னைப் பார்த்தபடி. மூன்றாம் நாள் மதியம் கடையில் யாரும் இல்லை. பூச்சரத்தை அவிழ்த்துக் கால்வாயில் போட்டேன். சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். தகட்டின் பள்ளத்தில் கல்லாக இறுகியிருந்த சந்தனத்தை என் கொண்டை ஊசியால் சுரண்டினேன். எண்ணெய் ஓட்டைக்குள் ஊசியை விட்டபோது குங்குமம் கலந்த கறுப்பு எண்ணெய் ஒரு சொட்டு என் நகத்தின் மேல் வந்து நின்றது. அழகாக இருந்தது, என்ன செய்ய. ஒரு பக்கமே தேய்ந்திருந்த தகட்டைத் திருப்பிப் போட்டேன். பல் ஒவ்வொன்றாக அரம் பிடித்தேன், ஐம்பதுக்கு மேல் இருக்கும். பிளக்கின் கரியைத் தேய்த்து, காற்று வடிகட்டியைச் சோப்பில் அலசிக் காயவைத்தேன். சாயந்தரம் அட்டைப்பெட்டிக்கு நேராகப் பிடித்து முடுக்கினேன். மெல்லிய எண்ணெய்க் கோடு விழுந்தது. என்னை அறியாமல் சிரித்தேன். வேண்டாத ஆளின் ரம்பத்துக்கு இவ்வளவு சேவை செய்த முட்டாள் தேக்காவில் என்னைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அண்ணன் வந்தான், பார்த்தான், எதிர்க் கடைக்குப் போய்த் தொலைபேசியில் பேசினான். ஞாயிற்றுக்கிழமை அதே லாரி வந்து நின்றபோது அவர் அம்மாவின் மடியில் வெற்றிலைத் தட்டைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

“என்ன சொன்ன அவங்ககிட்ட?”

“சம்மதிச்சுட்டான்னு சொன்னேன்.”

“நான் வேணாம்னு சொன்னேனே.”

“வேணாம்னா எதுக்குக் கழுவின? மத்தியானம் பூரா அந்த மூலைய விட்டு நகராம, பல்லு பல்லா. எனக்குக் கண்ணு இல்லயா?”

“ரம்பத்தத்தானே கழுவினேன்.”

“அதத்தான் சொல்றேன்” என்றான் அண்ணன். அவன் உண்மையாகவே குழம்பிப் போயிருந்தான்.

தோட்டத்துக் கட்டை தவ்க்கே கடைக்குத்தான் போனது. அண்ணன் அந்தத் தைப்பூசம்வரை என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவான், ரம்பம் கேட்டால் நீட்டுவான், அவ்வளவுதான். கடை இன்னும் நாலைந்து வருஷம் நொண்டியது. சமையல்காரர்கள் கேஸ் சிலிண்டருக்கு மாறினார்கள், எண்பதுகள் பிறந்தபோது தகரத்தைப் பிரித்தோம். அதற்காக நான் கண்ணீர் விடவில்லை. புகையும் தேளும் ஒழிந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் உள்ளே வருமுன் நானே வாசலுக்குப் போனேன். முப்பத்தாறு அங்குலத்தையும் இரண்டு கையாலும் தூக்கிப் போய் லாரியின் பின்பலகையில் வைத்தேன். முதுகு விண்ணென்றது, முகத்தில் காட்டவில்லை. அவர் தகட்டில் விரலை ஓட்டிப் பார்த்தார். புதுசு மாதிரி இருக்கே என்று சந்தோஷப்பட்டார். தட்டோடு இறங்கப்போன தன் அம்மாவுக்குக் கை நீட்டினார்.

“எறங்க வேணாம்மா” என்றேன் அவரிடம். தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி அவர் மகன் கையில் கொடுத்தேன்.

“என்ன இது?” என்றார் அவர்.

“எண்ணெய் ஓட்டை அடைச்சா குத்திவிடுங்க. தெனம் செய்யணும், பூஜை அன்னிக்கும். பெட்ரோல் ஊத்தி வச்சிருக்கேன், நான் வரல.”